உமரிக்கீரையை இகழலாமா?

இறைவன் படைப்பில் பயனற்ற பொருள் என்று ஒன்று உண்டோ? இல்லை என்றே மறைக்கல்வி வகுப்பில் கற்றிருக்கிறோம். உலகைப் படைத்தவர் தாம் படைத்தவற்றை எல்லாம் நல்லவை என்று கண்டு மகிழ்ந்ததாகத் தொடக்க நூல் கூறுகிறது. ஆயினும் மனிதராகிய நாம் படைப்பைத் தரம் பிரிக்கத் தயங்குவதில்லை. ரோஜாவுக்குத் தொட்டி வைக்கிறோம். துளசிக்கு மாடம் கட்டுகிறோம். மற்றவற்றைக் களை என்று காலால் மிதிக்கிறோம். அவ்வாறு மிதிபடும் செடிகளுள் ஒன்றுதான் நம் மாவட்டக் கடற்கரையில் வளரும் உமரி. ஏழையின் கீரை என்றும், ஆடு மாடு கூடச் சீந்தாத பூண்டு என்றும் அதனை இகழ்வோர் பலர். அவ்வாறு இகழ்வது அறியாமை என்றும், அந்த இகழ்ச்சியால் நமக்கே இழப்பு என்றும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

புதுக்கோட்டை என்றவுடன் சித்தன்னவாசல் ஓவியமும், திருமயம் கோட்டையும், முந்திரித் தோப்புகளும் நினைவுக்கு வரும். கடல் நினைவுக்கு வருவதில்லை. அதற்குக் காரணமும் உண்டு. பழைய புதுக்கோட்டை சமஸ்தானத்துக்குக் கடற்கரையே கிடையாது. 1974ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் நாள் புதுக்கோட்டை மாவட்டம் உருவானபோது, தஞ்சை மாவட்டத்திலிருந்த அறந்தாங்கிப் பகுதி இதனுடன் இணைந்தது. அதனோடு கடலும் நமக்குக் கிடைத்தது. கட்டுமாவடியில் தொடங்கி மணமேல்குடி, அம்மாபட்டினம், கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் என்று மீமிசலுக்கு அப்பாலும் செல்லும் கரை ஏறத்தாழ 40 கிலோமீட்டர் நீளம் உடையது. அந்தக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் பேருந்தில் செல்பவர்கள் சன்னல் வழியே பார்த்தால், வெள்ளை பூத்த உவர்நிலம் பரந்து கிடக்கும். அதன் இடையிடையே பச்சையும் சிவப்புமாகத் திட்டுத் திட்டாகப் படர்ந்திருப்பதே உமரி.

உமரி என்னும் பெயர் ஒரே செடியைக் குறிப்பதன்று. குச்சி குச்சியாக, பூட்டுப் பூட்டாக, இலையே இல்லாததுபோல் நிற்பது ஒரு வகை. அதனைத் தாவரவியலார் சாலிக்கார்னியா பிராக்கியேட்டா என்பர். சிறு விரல் போன்ற, சாறு நிறைந்த, உருண்ட இலைகளை உடையது இன்னொரு வகை. அது சுவேடா மாரிட்டிமா எனப்படும். கீரையாகச் சமைப்பதற்கு நம் பகுதியார் பெரிதும் பறிப்பது இந்த இரண்டாம் வகையையே. இவை இரண்டும் நாம் அன்றாடம் உண்ணும் தண்டுக்கீரை, சிறுகீரை, பீட்ரூட் ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தவை. சந்தையில் காசு கொடுத்து வாங்கும் கீரைக்கு மரியாதை. அதன் உடன்பிறப்பு கடற்கரையில் வளர்ந்தால் அதற்கு அவமதிப்பு! இது என்ன நீதி?

உப்பு மண்ணில் நெல் கருகிப் போகிறது. உமரி மட்டும் எவ்வாறு செழிக்கிறது? சவ்வூடு பரவல் பாடத்தை நினைவிற் கொண்டால் விடை எளிது. செறிவு குறைந்த இடத்திலிருந்து செறிவு மிகுந்த இடத்துக்கே நீர் செல்லும். உவர்மண்ணின் நீர், நெல்லின் வேரிலுள்ள சாற்றைவிடச் செறிவு மிக்கது. ஆகவே சுற்றிலும் ஈரம் இருந்தும் நெல் தாகத்தால் மடிகிறது. உமரியோ உப்பைக் கண்டு அஞ்சுவதில்லை. அதனை உறிஞ்சி இலைகளின் செல்களில் உள்ள நுண்குமிழ்களில் அடைத்து வைத்துக்கொள்கிறது. அதனால் செடியின் சாறு மண்ணின் நீரைவிடச் செறிவு மிக்கதாகி, நீர் தானே உள்ளே வருகிறது. இலைகள் தடித்திருப்பதும் அந்த உப்பைத் தாங்கும் அளவுக்கு நீரைச் சேமித்து வைப்பதற்கே. கோடையில் மண்ணின் உப்பு ஏற ஏறச் செடி சிவக்கிறது. பீட்ரூட்டுக்கு நிறம் தரும் பொருளின் இனத்தைச் சேர்ந்ததே அந்தச் சிவப்பு நிறம். பகைவனையே துணைவனாக்கிக்கொள்ளும் இந்தத் திறமையை ஆய்வுக்கூடம் எதிலும் அது கற்கவில்லை.

இனி அதன் உணவுப் பயனைக் காண்போம். மழைக்காலம் முடிந்தபின் துளிர்க்கும் இளங்கொழுந்துகளே சமையலுக்கு ஏற்றவை. சிவந்து முற்றியவற்றை விட்டுவிட வேண்டும். கொழுந்தைக் கிள்ளி, மணல் போகப் பலமுறை அலசி, நிறைய நீரில் வேகவைத்து, அந்த நீரை வடித்துக் கொட்டிவிட வேண்டும். உப்பு குறைவதோடு, இக்குடும்பக் கீரைகளில் உள்ள ஆக்சாலிக் அமிலமும் அந்த நீருடன் ஓரளவு போய்விடும். பின்னர் சின்ன வெங்காயமும் வரமிளகாயும் தாளித்துத் தேங்காய்ப்பூ தூவினால் பொரியல். வெந்த பருப்புடன் சேர்த்தால் கூட்டு. காய்ந்த கூனி இறாலைப் பொடித்துப் போட்டால் கடலோர வீட்டு விருந்து. உப்பு மட்டும் போடக் கூடாது. உப்பைக் கையில் எடுக்காமலே உப்புச் சுவையுடன் அமையும் கறி இது ஒன்றே எனலாம். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பது பழமொழி. உப்பைத் தன்னுள்ளேயே கொண்டு வந்த பண்டத்தையா நாம் குப்பை என்கிறோம்?

வரலாறும் உமரியின் பக்கமே நிற்கிறது. வில்லியம் ராக்ஸ்பர்க் என்பவர் சோழமண்டலக் கரையில் பல்லாண்டுகள் தங்கிச் செடிகளை ஆராய்ந்த ஸ்காட்லாந்து மருத்துவர். பின்னர் கல்கத்தா தாவரவியல் பூங்காவின் தலைவராக விளங்கியவர். இந்தியத் தாவரங்களைப் பற்றிய தம் நூலில் அவர் இந்த உமரி இனத்துக் கீரை ஒன்றைக் குறிப்பிடுகிறார். கடலோரத்தில் வாழும் எல்லாத் தரப்பு மக்களும் அதனை உண்டனர் என்றும், 1791 முதல் 1793 வரை நேர்ந்த கொடும் பஞ்சத்தில் இந்தக் கீரையின் இலைகள் பல்லாயிரம் உயிர்களைக் காத்தன என்றும் அவர் எழுதியுள்ளார். எல்லாத் தரப்பு மக்களும் என்ற சொற்களைத் தோழியர் கவனிக்க வேண்டும். அன்று அது ஏழையின் கீரையாக இருக்கவில்லை. எல்லோரின் கீரையாகவே இருந்தது. நெல்லும் கேழ்வரகும் கைவிட்டபோது கைகொடுத்ததும் அதுவே. நம் முன்னோரில் யாரோ ஒரு தாய் அந்தப் பஞ்சத்தில் உமரியைப் பறித்து வேகவைத்துத் தன் குழந்தைக்கு ஊட்டியிருக்கலாம். அவ்வாறாயின் நாம் இன்று உயிரோடு இருப்பதும் அந்தச் செடிக்குப் பட்ட கடனே.

திருநூலிலும் இதற்கு ஓர் இணை உண்டு. யோபு நூலின் 30ஆம் அதிகாரத்தில், பசியால் வாடிப் பாலைநிலத்தில் அலைந்தவர்கள் புதர்களிடையே உப்புக் கீரையைப் பறித்து உண்டனர் என்று வருகிறது. அக்கீரையைக் குறிக்கும் எபிரேயச் சொல், உப்பு என்னும் சொல்லின் வேரிலிருந்து பிறந்தது. அதனை உமரியின் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு செடி என்றே அறிஞர் பலர் கருதுகின்றனர். அங்கும் அதனை உண்டவர்கள் ஊராரால் விரட்டப்பட்ட எளியவர்களே. ஆகவே உப்புக் கீரையை உண்பவரை இழிவாகக் காணும் வழக்கம் இன்று நேற்று வந்ததன்று. ஆனால் உலகுக்கு உப்பாக இருக்கும்படி எளியவர்களையே அழைத்த ஆண்டவரின் பிள்ளைகள் நாம். அந்தப் பழைய இழிவை நாமும் தொடரலாமா?

பிற நாடுகளைப் பார்ப்போம். இங்கிலாந்தில் உமரியின் இனத்தைச் சேர்ந்த செடியை மீனுடன் பரிமாறுகிறார்கள். பெரிய உணவு விடுதிகளில் அதற்கு நல்ல விலை. கொரியாவில் அதனைக் கீரையாகவும் பொடியாகவும் விற்கிறார்கள். வங்காளத்தின் சுந்தரவனப் பகுதியில் சுவேடா இன்றும் ஏழை வீட்டுக் கீரையே. பழங்காலத்தில் ஸ்பெயின் நாட்டார் இவ்வகைச் செடிகளை எரித்து, அந்தச் சாம்பலிலிருந்து சோடாக் காரம் எடுத்துக் கண்ணாடிக்கும் சோப்புக்கும் விற்றுப் பொருளீட்டினர். 1791இல் லெப்ளாங்க் என்னும் பிரெஞ்சு மருத்துவர் சாதாரண உப்பிலிருந்தே சோடா செய்யும் முறையைக் கண்ட பின்னரே அந்த வாணிபம் தளரத் தொடங்கியது. அதே ஆண்டில்தான் இங்கே பஞ்சத்தில் வாடிய மக்கள் உமரியை உண்டு உயிர் பிழைத்துக்கொண்டிருந்தனர் என்பதை எண்ணும்போது வியப்பு மேலிடுகிறது. நம் நாட்டிலும் அறிவியலார் வாளாவிருக்கவில்லை. குஜராத்தில் பாவ்நகரில் 1954இல் தொடங்கிய மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், சாலிக்கார்னியா உமரியிலிருந்தே உப்பு எடுக்கும் முறையைக் கண்டறிந்துள்ளது. அமெரிக்க ஆய்வாளர்கள் அதே இனத்துச் செடியொன்றைக் கடல்நீர் பாய்ச்சியே பயிரிட்டு, அதன் விதையில் நூற்றுக்கு 30 பங்கு அளவில் எண்ணெய் இருப்பதை 1991இல் வெளியிட்டனர்.

அடுத்தது மருத்துவப் பயன். இங்கே நாங்கள் மிகவும் எச்சரிக்கையுடன் எழுத விரும்புகிறோம். ஏனெனில் ஒரு மூலிகையைப் புகழத் தொடங்கினால், சர்வரோக நிவாரணி என்று முடிப்பது பலருக்கு வழக்கமாகிவிட்டது. உமரியைக் கல்லீரல் நோய்க்கு உண்பதும், அதன் சாம்பலைச் சொறி சிரங்குக்குப் பூசுவதும் பழைய நாட்டு வழக்கங்கள். நமக்கு அண்டையிலுள்ள தொண்டியில் அமைந்த அழகப்பா பல்கலைக்கழகக் கடல் அறிவியல் ஆய்வாளர்கள், சுவேடா மாரிட்டிமாவின் சாறு எலிகளின் கல்லீரலைப் பாதிப்பிலிருந்து காக்கிறதா என்று சோதித்து, காப்பதாக 2011இல் வெளியிட்டனர். நம்பிக்கை தரும் செய்திதான். ஆனால் எலிக்குப் பலித்தது மனிதருக்குப் பலிக்கும் என்று அதனால் மெய்ப்பிக்கப்பட்டுவிடவில்லை. ஆதலால் காமாலை கண்டவர் மருத்துவமனைக்குப் போகாமல் உமரிச் சாற்றை நம்பி வீட்டில் இருப்பது பெருந்தவறு. இரத்தக்கொதிப்பு உள்ளவர்களும் சிறுநீரக நோயாளிகளும் மருத்துவரைக் கேளாமல் இதனை உண்ணலாகாது. வளர்ந்த ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. நன்கு வேகவைத்து வடித்த உமரி அந்த அளவுக்குள் அடங்கும் வகையில், சிறிதளவாக உண்ணப்பட வேண்டிய உணவு. கீரை கீரையாக இருக்கட்டும். மருந்து மருத்துவரிடம் இருக்கட்டும்.

ஆயினும் ஒன்றை மறுக்க முடியாது. 2019–21ஆம் ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 59 பேர் இரத்தசோகை உடையவர்கள். அது நம் வயது, தோழியரே! உமரி உண்டால் சோகை தீரும் என்று நாங்கள் கூறவில்லை. ஆனால் கீரை என்றாலே முகத்தைச் சுளித்து ஒதுக்கிவிட்டு, பொட்டலத்தில் அடைத்த உப்புத் தின்பண்டத்தைத் தேடி ஓடும் பழக்கம் நம்மிடையே பெருகி வருகிறது. கடலோர ஊர்களிலிருந்து வரும் மாணவியர் சிலர், உமரிப் பொரியல் இருக்கும் டிபன் டப்பாவைத் திறக்கவே கூசுகிறார்கள். மற்றவர்கள் பார்த்துச் சிரிப்பார்கள் என்று அஞ்சி, வீட்டிலேயே வைத்துவிட்டு வருபவர்களும் உண்டு. இதில் வெட்கப்பட வேண்டியவர்கள் யார்? பொட்டல உப்பைப் பத்து ரூபாய் கொடுத்துத் தின்பவர்களா, இறைவன் இலவசமாய்த் தந்த கீரையை உண்பவர்களா? ஒரு தலைமுறைப் பிள்ளைகள் ஓர் உணவைக் கண்டு கூசினால், அடுத்த தலைமுறைக்கு அதன் பெயரே தெரியாமற் போகும். எந்தக் கொழுந்தைக் கிள்ளுவது, எதனை விடுவது என்னும் அறிவு பாட்டிமாரிடம் இருக்கிறது. அது ஏட்டில் இல்லை. அவர்களோடு அது புதைந்துவிட்டால் மீட்பார் யார்?

செடியை இகழும்போது அது நிற்கும் நிலத்தையும் இகழ்கிறோம். அதுவே பெரிய தீங்கு. உவர்நிலம் என்றால் தரிசு, தரிசு என்றால் பயனற்றது, பயனற்றதை யார் எடுத்தால் என்ன என்ற எண்ணம் வேரூன்றிவிட்டது. அவ்வாறே தமிழகக் கடற்கரையில் பல இடங்களில் உவர்நிலத்தைத் தோண்டி இறால் பண்ணைகள் அமைத்தனர். அவற்றின் கழிவுநீராலும் உப்பாலும் வயலும் குடிநீரும் கெடுவதை எதிர்த்துச் சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில், 1996 டிசம்பர் 11ஆம் நாள் உச்சநீதிமன்றம் கடற்கரை ஒழுங்குமுறைப் பகுதியில் இறால் பண்ணைகள் கூடாது என்று தீர்ப்பளித்தது. பின்னர் 2005இல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் வந்து, பதிவு பெற்ற பண்ணைகளுக்கு வழி செய்தது. பண்ணையால் பலருக்கு வேலை கிடைக்கிறது என்பதை நாங்கள் மறுக்கவில்லை. வேலை வேண்டும், அந்நியச் செலாவணியும் வேண்டும். ஆனால் கணக்குப் பார்க்கும்போது இரு பக்கமும் எழுத வேண்டாமா? இறாலின் வரவை எழுதுகிறோம். அழிந்த உமரியைச் செலவில் எழுதுவதே இல்லை.

அந்த உமரி நிலத்துக்கு என்ன செய்கிறது என்பதையும் அறிஞர்கள் அளந்திருக்கிறார்கள். 2007இல் வெளியான தமிழ்நாட்டுத் தாவரவியலார் ஆய்வு ஒன்றின்படி, சுவேடா மாரிட்டிமாவை உவர்நிலத்தில் பயிரிட்டால் நான்கு மாதத்தில் ஓர் எக்டேர் நிலத்திலிருந்து 504 கிலோ உப்பை அது உறிஞ்சி எடுத்துவிடும். செடியை அறுத்து அப்புறப்படுத்தினால் அந்த உப்பும் நிலத்தை விட்டு நீங்கும். 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை நாகை மாவட்ட வயல்களை உப்பாக்கியதையும், 2018 நவம்பர் 16இல் கஜா புயல் நம் மாவட்டத்தின் தென்னையையும் வீடுகளையும் சாய்த்ததையும் மறக்க முடியுமா? கடல்மட்டம் உயர்ந்து வரும் இக்காலத்தில் கரையோர வயல்களில் உப்பு ஏறும் அபாயம் கூடுகிறதே அன்றிக் குறையவில்லை. அப்போது நமக்குக் கூலி கேளாமல் உழைக்கக்கூடிய தோழன் உமரியே.

அரசும் கடல் தாவரத்தின் அருமையை உணர்ந்தே இருக்கிறது. கடற்புல்லை மேய்ந்து வாழும் கடற்பசுவைக் காப்பதற்காக, 2022 செப்டம்பரில் தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களை ஒட்டிய பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பைக் கடற்பசு பாதுகாப்பகமாகத் தமிழக அரசு அறிவித்தது. பாராட்டுக்குரிய செயல். கடற்பசு உண்ணும் புல்லுக்குக் காவல் உண்டு எனில், மனிதர் உண்ணும் கீரைக்கும் ஒரு சிறு காவல் வேண்டாமா?

இதற்காகப் பெருந்திட்டமோ பெருஞ்செலவோ தேவையில்லை. மூன்று செயல்கள் போதும் என்பது எங்கள் கருத்து.

முதலாவது, 2002ஆம் ஆண்டின் உயிரியற் பன்மைச் சட்டப்படி ஒவ்வோர் ஊராட்சியும் தன் எல்லையிலுள்ள செடி, கொடி, உயிரினங்களையும் அவற்றைப் பற்றிய மக்களின் அறிவையும் மக்கள் பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும். நம் கடலோர ஊராட்சிகளின் பதிவேட்டில் உமரி இடம் பெற்றிருக்கிறதா என்று பெற்றோர்கள் கிராம சபையில் எழுந்து கேட்க வேண்டும். இல்லையெனில் எழுதச் செய்ய வேண்டும். பதிவேட்டில் பெயருள்ள செடி நிற்கும் நிலத்தைப் பயனற்ற தரிசு என்று எளிதில் சொல்லிவிட முடியாது.

இரண்டாவது, நம் பள்ளியில் தாவரவியல் ஆய்வுக்கூடத்துக்கு உமரி வகைகளை உலர்த்தி ஒட்டிய தாள்கள் வேண்டும். கடலோர மாணவியர் தத்தம் பாட்டிமாரிடம் கேட்டு, பறிக்கும் பருவத்தையும் சமைக்கும் முறையையும் ஒரு நோட்டில் எழுதித் தொகுக்கட்டும். அருட்சகோதரிகளும் ஆசிரியைகளும் இதற்கு வழிகாட்டினால், அத்தொகுப்பு வரும் மாணவியர்க்கு நல்ல சொத்தாக விளங்கும்.

மூன்றாவது, பறிப்பதில் ஒழுங்கு வேண்டும். சாக்கடை கலக்கும் இடத்திலும் பண்ணைக் கழிவு பாயும் வாய்க்காலிலும் வளர்ந்த உமரியைத் தொடக் கூடாது. மண்ணிலுள்ள நஞ்சையும் உப்போடு சேர்த்து அது உறிஞ்சிக்கொள்ளும். கொழுந்தை மட்டும் கிள்ள வேண்டும், வேரோடு பிடுங்கலாகாது. இன்று புகழ்ந்து எழுதிவிட்டு, நாளை எல்லோரும் கூடைகூடையாகப் பிடுங்கி வந்தால், இகழ்ச்சி செய்யாத தீங்கைப் புகழ்ச்சி செய்துவிடும்.

அன்புத் தோழியரே! உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று நம் முன்னோர் சொன்னார்கள். பஞ்சத்தில் உப்பும் இட்டு உணவும் இட்ட செடி உமரி. நீரூற்றுவார் இல்லை, எருவிடுவார் இல்லை, வேலியிடுவார் இல்லை. வேறெந்தப் பயிரும் நிற்க அஞ்சும் மண்ணில் தன் கடமையைச் செய்துகொண்டு நிற்கிறது. இனி விடுதியிலோ வகுப்பிலோ ஒரு தோழி உமரிப் பொரியலுடன் டிபன் டப்பாவைத் திறந்தால், சிரிக்காமல் ஒரு வாய் கேட்டு வாங்கி உண்போம். அன்றுதான் நாம் கற்ற மறைக்கல்வியும் அறிவியலும் பயன் தந்தன என்று சொல்ல முடியும்.

வாழ்க நெய்தல் நிலம்! வளர்க உமரி!